கண்டக்டர் ஏறிய படிகள்

நாற்காலியில் தொடங்கி நாற்காலியில் முடியும் நாள்தான் இன்று நகரத்து வாழ்க்கையின் பொது வடிவம். காலையில் சாப்பாட்டு மேசை, பிறகு வண்டி இருக்கை, அலுவலகத்தில் எட்டு ஒன்பது மணி நேரம், மாலையில் மறுபடி வண்டி, இரவில் சோபா. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அந்த இரண்டு வண்டிப் பயணங்களும்கூட இல்லை. கட்டிலிலிருந்து கணினிவரை பத்தடி, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களுக்கு உடற்பயிற்சி என்பது ஏற்கெனவே இருக்கும் அசைவோடு சேரும் கூடுதல் அல்ல. அன்றைய அசைவு முழுவதும் அநேகமாக அதுதான். ஆகவே அதைத் தொடங்குவதைவிட விடாமல் வைத்திருப்பதே பெரிய கேள்வி. தொடங்குவதில் யாருக்கும் குறை இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் ஜிம் வாசலில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையும், மார்ச் மாதத்தில் வீட்டு டிரெட்மில்லின் கைப்பிடியில் காயும் துண்டும் அதற்குப் போதிய சாட்சி.

உட்கார்ந்த வேலைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாகக் காட்டியது லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பஸ். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், லண்டன் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த 35 முதல் 64 வயதுவரையான சுமார் 31,000 ஆண்களின் நோய்க் குறிப்புகளைச் சேகரித்தார். 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே சமூகப் பின்னணி. ஆனால் ஓட்டுநர் பணி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள்வரை ஏறினார். கண்டக்டர்களிடம் இதய நோய் குறைவாக இருந்தது. வந்தபோதும் பிந்திய வயதில் வந்தது. உடனடி மரணங்களும் குறைவு. ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனானவர்களோ என்ற சந்தேகத்தையும் மாரிஸ் விட்டுவைக்கவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியானவர், நடுத்தர உடம்புக்காரர், தொந்தி வைத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டரின் பக்கமே அனுகூலம் நின்றது. 1910-இல் பிறந்த மாரிஸ் 99 வயதுவரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்; முதுமையிலும் பயிற்சியைக் கைவிடாதவர்.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் படிகளை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. அந்தக் கண்டக்டர்களில் எவரும் உடற்பயிற்சிக்காகப் படி ஏறவில்லை. மேல்தளத்தில் பயணி உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் காசு வாங்க வேண்டும், அதனால் ஏறினார்கள். இன்று ஏறலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை. மழை பெய்தாலும், மனது சரியில்லாவிட்டாலும், முந்தைய நாள் விடுப்பு எடுத்திருந்தாலும் படிக்கட்டு அதே இடத்தில் இருந்தது. பழக்கம் பற்றிப் பின்னாளில் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப வந்து நிற்பதும் இந்த இடத்தில்தான்: அசைவு மனவுறுதியைச் சார்ந்திருந்தால் நிலைப்பது கடினம், இடத்தையும் நேரத்தையும் சார்ந்திருந்தால் நிலைக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டு வீடுகளிலும் அப்படிப்பட்ட படிக்கட்டுகள் இருந்தன. கிணறு, ஆட்டுக்கல், அம்மி, உரல், வாசல் கோலம், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு எழுவது என்று உடம்பை அசைக்கும் கட்டாயங்கள் நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. மோட்டாரும் மிக்ஸியும் கோவைக்குப் பெயர் வாங்கித் தந்த வெட் கிரைண்டரும் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கின. அந்த உழைப்பு போனதற்கு வருந்த வேண்டியதில்லை. அதைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், விரும்பிச் சுமக்கவுமில்லை. ஆனால் வேலை போனபோது அதோடு ஒட்டியிருந்த அசைவும் போயிற்று. அதன் இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, போதிய உடலசைவு இல்லாத இந்தியர்களின் பங்கு 2000-இல் 22.3 விழுக்காடு, 2022-இல் 49.4 விழுக்காடு. ஆண்களில் 42, பெண்களில் 57 விழுக்காடு. தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்விலோ, ஓய்வு நேரத்தில் விளையாட்டு, நடை, பயிற்சி என்று எதையாவது செய்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு.

சோறும் தசையும்

உட்கார்ந்தே இருப்பதில் என்ன கெடுகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் தொடையில் இருக்கிறது. உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்ளும் கிடங்கு தசைதான். சாதாரணமாக அந்தக் கிடங்கின் கதவைத் திறப்பது இன்சுலின். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலும் அந்தக் கதவு திறக்கிறது. உட்கார்ந்தவுடன் தொடைத் தசை ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. சர்க்கரை வெளியே காத்து நிற்கிறது. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று மாவுச்சத்தை நம்பியிருக்கும் உணவு முறையில் இந்தக் காத்திருப்பு நீளமாகிறது.

ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை எளிமையாகக் காட்டியது. உடல் எடை கூடியவர்களை மணிக்கணக்கில் உட்காரவைத்தார்கள். இன்னொரு நாள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு அந்த நாளில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. நடந்தது மெதுநடைதான். 2013-இல் அமெரிக்காவில் முதியவர்கள் சிலரிடம் நடந்த இன்னொரு சோதனையில், மூன்று வேளை உணவுக்குப் பிறகும் 15 நிமிடம் நடப்பது, ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பதைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குப் படுக்கும் வீடுகளுக்கு இது நேராகப் பொருந்தும் செய்தி.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் இங்கே சேர வேண்டியது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றார்கள். வெறும் பொது அறிவுரை பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவு மாற்றமும் தினம் அரை மணி நேர வேகநடையும் கடைப்பிடிக்கச் சொல்லப்பட்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு வந்தது. எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. எடை இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்து பயிற்சியை நிறுத்துகிறவர்கள் இந்த ஒரு முடிவை அறிந்திருப்பது நல்லது. அந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடலுழைப்பு மிக்க வேலையில் இருந்தவர்களுக்குப் புதிதாக நடைப்பயிற்சி விதிக்கப்படவில்லை. செய்வதைத் தொடருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கண்டக்டரைத் தனியாகப் படி ஏறச் சொல்ல வேண்டியதில்லையே.

எவ்வளவு தேவை என்பதில் குழப்பம் அதிகம். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி அளவி’. விளம்பரத்துக்கு வாகான முழு எண். 2019-இல் ஐ-மின் லீ வெளியிட்ட ஆய்வில், சராசரி 72 வயதுடைய 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவையும், வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியையும் கேட்கிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அது நீக்கிவிட்டது. இது சிறிய திருத்தம்போலத் தோன்றும். வீட்டுக்குள் வாழ்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது: இரண்டு நிமிடமும் இப்போது கணக்கில் சேரும்.

மிதமான வேகம் எது என்று அறியக் கருவி தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவும் மூச்சு முட்டினால் அது கடும் பயிற்சி.

கொக்கி எங்கே?

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டு மேடைப் பேச்சுகளிலும் வாட்ஸ்அப்பிலும் நன்றாக வேரூன்றியது. அதன் மூலம், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய நூலுக்குப் போகிறது. முகம் மாற்றப்பட்டவர்கள் புதிய முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். அது பயிற்சியைப் பற்றிய பேச்சே அல்ல. உண்மையில் அளந்து பார்த்தவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி. 96 பேர், ஒவ்வொருவரும் ஒரே ஒரு புதுச் செயலைத் தினமும் குறிப்பிட்ட ஒரு தருணத்தில், உதாரணமாகக் காலை உணவு முடிந்ததும், 12 வாரம் செய்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆயிற்று. ஒரு முனையில் 18 நாள், மறு முனையில், 12 வாரப் போக்கை நீட்டிக் கணித்தபோது, 254 நாள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. உடற்பயிற்சிக்கு நீண்ட காலம் பிடித்தது. 22-ஆம் நாள் இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது என்று கைவிடுகிறவர் தோற்கவில்லை. அவருக்குக் கிடைத்த கணக்குத்தான் தவறு.

லாலியின் ஆய்வில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கொக்கி இருந்தது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றில் புதியது மாட்டப்பட்டது. இந்தக் கொக்கியின் வலுவை பிரிட்டனில் மாணவர்களிடம் 2002-இல் நடந்த சோதனை எண்ணில் காட்டுகிறது. எதுவும் சொல்லப்படாதவர்களில் 38 விழுக்காட்டினர் அடுத்த வாரம் ஒருமுறை பயிற்சி செய்தார்கள். இதய நோய் பற்றிய துண்டுப் பிரசுரம் படித்தவர்களில் 35 விழுக்காட்டினர். அதே பிரசுரத்தோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதிக் கொடுத்தவர்களில் 91 விழுக்காட்டினர். ஒரு வாரத்துச் சோதனைதான், அதைவிட அதிகம் அதிலிருந்து எடுக்கக் கூடாது. ஆனால் பயமுறுத்தும் அறிவுரைக்குத் தனியாக எந்தப் பலனும் இல்லாமற்போனது கவனிக்கத் தக்கது. டாக்டர் மிரட்டிய மறுவாரம் நடந்து, அதற்கடுத்த வாரம் நின்றுபோனவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

ஜப்பானியர் இந்தக் கொக்கியை வானொலியில் மாட்டினார்கள். 1928-இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி, இன்றும் என்.எச்.கே. நிலையத்தில் காலை 6.30 மணிக்கு ஒலிக்கிறது. பியானோ இசையோடு சுமார் மூன்று நிமிடம், 13 அசைவுகள். கருவி வேண்டாம், தனி உடை வேண்டாம், எட்டடி இடம் போதும். இன்று என்ன பயிற்சி செய்யலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. பாட்டுக் கேட்டதும் கை தானாக உயர்கிறது.

தமிழ் வீட்டில் கொக்கிகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடும் வழக்கம், நோக்கம் பக்தியானாலும், வடிவத்தில் மிகத் தேர்ந்த ஓர் ஏற்பாடு: இடம் நிலையானது, நேரம் நிலையானது, எண்ணிக்கை சிறியது, தொடைத் தசை முழுவதும் வேலை செய்கிறது. கும்பிடாதவர் அதையே பல் தேய்த்ததும் செய்யலாம். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்கலாம். அலைபேசி அழைப்பு வந்தால் எழுந்து நடந்தபடி பேசலாம். இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு பத்து நிமிடம் கூடத்தில் நடக்கலாம். காலை ஆறு மணி வாக்கிங் என்ற புகழ்பெற்ற அறிவுரை பெரும்பாலும் ஆண்களுக்கானது. பல வீடுகளில் அந்த நேரத்தில் பெண் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பார். அவருடைய கொக்கி வேறு மணியில் இருக்கிறது; பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க் கதவு சாத்தப்படும் அந்த நிமிடமாக இருக்கலாம். அதைத் தேடாமல் ‘நேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்வதில் பொருளில்லை.

கடிகார மணியைவிட இப்படி ஒரு செயலின் முடிவு நல்ல கொக்கி. ஏழு மணி என்பது தவறிப்போகும், சாப்பாடு தவறுவதில்லை.

தொடக்க அளவு கேலிக்குரிய அளவுக்குச் சிறியதாக இருப்பதே நல்லது. ஐந்து முறை உட்கார்ந்து எழுவது, மூன்று நிமிடம் நடப்பது. முதல் இரண்டு மாதத்தில் வளர வேண்டியது தசை அல்ல, கொக்கி. மூட்டு நாணும் தசைநாரும் இதயத்தைவிட மெதுவாகப் பழகுவதால், முதல் வாரத்திலேயே ஐந்து கிலோமீட்டர் ஓடுபவருக்கு மூச்சு ஒத்துழைத்தாலும் முழங்கால் ஒத்துழைக்காது. பாதிப் பயிற்சிகள் நின்றுபோகும் வாசல் இதுதான். பழக்கம் ஒட்டியபின் வாரத்துக்குக் கொஞ்சமாக நிமிடத்தையோ எண்ணிக்கையையோ கூட்டலாம்; இரண்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டாம்.

நான்கு சுவருக்குள்

வெளியே நடப்பதற்கு நிகரில்லை என்பது உண்மை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. பக்கத்தில் வசிப்பவருக்கு அது வரம். ஆனால் கத்திரி வெயில், ஐப்பசி மழை, நடைபாதையை மறித்து நிற்கும் இருசக்கர வண்டி, இரவில் துரத்தும் தெருநாய் ஆகியவற்றைக் கடந்துதான் பலர் வெளியே போக வேண்டியிருக்கிறது. மொட்டை மாடி இருக்கிறது. அதன் சாவி அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பரவிய எட்டு நடை இந்தச் சிக்கலுக்கு உள்ளூரில் பிறந்த நல்ல விடை. தரையில் எட்டு வடிவம் வரைந்து அதன்மேல் நடப்பது. அது தீர்ப்பதாகச் சொல்லப்படும் நோய்ப் பட்டியலை ஒதுக்கிவிடலாம். அதன் பயன் எளிமையானது: சிறு இடத்தில் நிற்காமல் நடக்க முடிகிறது, வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் திரும்புவதால் ஒரே பக்கம் சுற்றும் தலைச்சுற்றல் இல்லை. மாடிப்படி உள்ள வீட்டில் அதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. பயிற்சியே செய்யாத சுமார் 25,000 பிரிட்டானியரைக் கைப்பட்டைக் கருவிகொண்டு கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு மூன்று தடவை ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கும்படி படியேறியோ வேகமாக நடந்தோ இருந்தவர்களிடம் இதய நோய் மரணம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. கவனிப்பு ஆய்வு என்பதால் காரணம் முழுவதும் படிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனினும் எழுபதாண்டுக்கு முந்தைய லண்டன் கண்டக்டர் அங்கே மறுபடி தலைகாட்டுகிறார்.

நடை மட்டும் போதாது என்பது நம் ஊரில் பலர் காதில் விழாத பாதி. நாற்பதைத் தாண்டினால் தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதில் வேகம் கூடுகிறது. குளியலறையில் வழுக்குவது ஈரத்தால் மட்டுமல்ல, தடுமாறும்போது தாங்கிப் பிடிக்கத் தொடையில் வலு இல்லாததாலும்தான். வாரம் இரண்டு நாள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவர்த் தண்டால், படுத்தபடி இடுப்பை உயர்த்துதல், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குதல் ஆகிய நான்கும் தொடங்கப் போதும். தினம் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது ஐந்தாவது. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதையே பிரேசில் மருத்துவர்கள் 51 முதல் 80 வயதுவரையானவர்களிடம் உடல்நலத்தின் அளவுகோலாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்து எழுந்த தலைமுறைக்கு அது தேர்வே அல்ல.

பயிற்சிக்கு மறுநாள் இருபுறமும் சமமாக வரும் தசைவலி இயல்பு, இரண்டு மூன்று நாளில் அடங்கும். மூட்டுக்குள் குத்தும் வலியும் ஒரு பக்கம் மட்டும் வரும் வலியும் அப்படியல்ல. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். இதய நோய் உள்ளவர்களும், சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் கடும் பயிற்சிக்கு முன்பே கேட்டுக்கொள்வது அவசியம். மருந்தும் பயிற்சியும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம்.

விட்டுப்போன நாள்

காய்ச்சல், கல்யாணம், தேர்வு, ஊர்ப் பயணம். எந்தப் பழக்கமும் அறுபடும். லாலியின் ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. கெடுதல் அதற்குப் பின் வரும் எண்ணத்தில் இருக்கிறது: போனது போயிற்று, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒழுங்காகத் தொடங்கலாம். அமெரிக்காவில் 61,000-க்கும் மேற்பட்ட ஜிம் உறுப்பினர்களிடம் கேட்டி மில்க்மன் குழு 54 வகை ஊக்குவிப்புகளை நான்கு வாரம் சோதித்து 2021-இல் வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை குறிப்பிடும்படி பலன் தரவில்லை. முதலிடம் பிடித்தது பெரிய பரிசு எதுவும் அல்ல. ஒரு நாள் தவறவிட்டவர் திரும்பி வந்தால் கிடைக்கும் சில்லறைக் காசு மதிப்புள்ள புள்ளிகள். வந்ததற்கல்ல, திரும்பி வந்ததற்கான பரிசு. அதே ஆய்வின் கசப்பான பாதி: நான்கு வாரம் முடிந்து ஊக்குவிப்பு நின்றதும், பெரும்பாலான திட்டங்களின் பலனும் மறைந்துபோயிற்று. செல்பேசிச் செயலியின் பதக்கங்களையும் தொடர் நாள் கணக்கையும் நம்பியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தொடர் 60 நாளில் அறுந்தால் செயலி பூஜ்யம் காட்டுகிறது. உடம்பு பூஜ்யத்துக்குப் போவதில்லை.

நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர் விட்ட அளவில் தொடங்காமல் பாதியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வருவது பாதுகாப்பானது. இடைவெளி மாதங்களல்ல, ஆண்டுகள் என்றாலும் வழி மூடிவிடுவதில்லை. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பதாண்டு கழித்து அதே ஐந்து பேரை, 50 வயதில், எடையும் தொப்பையும் கூடியிருந்த நிலையில், மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். முப்பதாண்டு மூப்பு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஆற்றல், அன்று மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதைவிடக் குறைவாக இருந்தது. பிறகு ஆறு மாதம், மெல்ல மெல்லக் கூட்டிய நடையும் மெதுவோட்டமும் சைக்கிளும். முடிவில் ஐந்து பேரின் சராசரி, படுக்கைக்குப் போகுமுன் 20 வயதில் இருந்த அளவுக்கே திரும்பியிருந்தது.